முடிவு தெரிந்த கதையில் என்ன சஸ்பென்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பாடப்புத்தகத்தைப் பற்றித்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, வேறென்ன. தண்டையார்பேட்டையில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாயங்காலமானால் இன்னமும் தெருப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவதால், இந்தச் சந்தேகங்கள் எதுவும் எனக்குப் புதிதில்லை. சில பதில் நீளும், சிலது ரெண்டு வரியில் முடிந்துவிடும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டீச்சர், வழக்குரை காதை நடத்தும்போது எங்கள் மிஸ் "சஸ்பென்ஸ் நிறைந்த பகுதி" என்று சொன்னார்கள். கண்ணகி ஜெயிப்பாள், பாண்டியன் சாவான், மதுரை எரியும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்த கதையில் என்ன சஸ்பென்ஸ்?
– பள்ளி மாணவி, கொருக்குப்பேட்டை

நல்ல சண்டைக் கேள்வி, கண்ணு. உன் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். சிலப்பதிகாரத்தின் முன்னால் நிற்கும் பதிகத்திலேயே கதை முழுவதையும் போட்டு உடைத்துவிடுகிறார்கள். பொற்கொல்லன், பாண்டியன், எரிந்த மதுரை எல்லாம் அங்கேயே வந்துவிடும். மறைத்து வைத்துக் கடைசியில் திறந்து காட்டுவதற்கு அந்தக் காப்பியத்தில் ஒன்றும் கிடையாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் கூத்து நடக்கும். திரௌபதி துகில் உரியும் கட்டம். கண்ணன் புடவை கொடுப்பான் என்று தெரியாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை. இருந்தாலும் துச்சாதனன் கூந்தலைப் பிடித்ததும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று அவனை வைவார்கள். மண்ணை வாரித் தூற்றுகிறவர்களும் உண்டு. முடிவு தெரிந்தவர்கள் எதற்காக அப்படிப் பதற வேண்டும்?

நமக்குத் தெரிந்தது மேடையில் இருப்பவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான். அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாமல் இருப்பது ஒரு வகை சஸ்பென்ஸ். துப்பறியும் கதைகளுக்கு அது போதும். ஒருதரம் படித்ததும் தீர்ந்துவிடும். நமக்குத் தெரிந்து, பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது வேறு வகை. அது பத்தாவது முறை படித்தாலும் தீராது. பெரிய காப்பியங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் பிழைப்பு நடத்துகின்றன.

வழக்குரை காதைக்குப் போகும் முன் கொலைக்களக் காதையைப் புரட்டிப் பார். கண்ணகி சமைத்துப் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் விற்கப் புறப்படுகிறான். எதிரே திமில் உள்ள காளை ஒன்று வருகிறது. அது கெட்ட சகுனம். ஆயர்களுக்குத் தெரியும். வணிகர் குலத்தில் பிறந்த கோவலனுக்குத் தெரியாது. 'தன் குலம் அறியும் தகுதி அன்று ஆதலின்' என்று இளங்கோவே காரணமும் எழுதிவிடுகிறார். அவன் பாட்டுக்கு நடந்து போகிறான். நமக்கு மட்டும் திக்கென்கிறது.

அப்புறம் கடைவீதியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசி அணியத்தக்க காலணி ஒன்று இருக்கிறது, நீ விலை போட முடியுமா என்று கோவலனே போய்க் கேட்கிறான். கேட்கப்பட்ட ஆள் யார்? அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருக்கிறவன். தன் திருட்டு வெளியே வருவதற்குள் இந்த வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடலாம் என்று அந்த இடத்திலேயே கணக்குப் போடுகிறான். அவன் மனசுக்குள் நினைப்பது நம் காதில் விழுகிறது, பக்கத்தில் நிற்கும் கோவலன் காதில் விழவில்லை. உங்கள் ஊர் ரயில்வே கேட் மூடிவிட்டால் ரயில் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருந்தும் அத்தனை பேரும் வண்டியிலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்களே, அந்த நிலையில் இளங்கோ நம்மை நிறுத்திவிடுகிறார்.

இப்போது வழக்குரை காதை. நாம் மனப்பாடம் செய்வது 'தேரா மன்னா' என்று கண்ணகி தொடங்கும் பேச்சை. கைதட்டல் வாங்கும் இடம், சரி. ஆனால் உயிர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. உடனே பாண்டியன், நீ சொன்னது நல்ல பேச்சு, எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். 'யாம் உடைச் சிலம்பு முத்துடை அரியே.'

அந்த வரியில் நின்று யோசி. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு அரண்மனையில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அரசன் பார்த்ததில்லை. உடைத்தால் முத்தோ மாணிக்கமோ, இரண்டில் ஒன்று. முத்தென்றால் செங்கோல் பிழைத்தது. மாணிக்கமென்றால் எல்லாம் போயிற்று. இது அவனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. சாக்குச் சொல்லியிருக்கலாம், நாளைக்கு வா என்று அனுப்பியிருக்கலாம். அவன் என்ன செய்தான்? கொண்டுவரச் சொல்லி, தானே அவள் முன்னால் வைத்தான். அடுத்தது உடைப்புதான். மணி தெறித்து அவன் வாய்ப்பக்கம் போய் விழுகிறது. முத்து என்று சொன்ன வாய் அது.

ஆக, சொன்னதற்கும் உடைத்ததற்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு வரி. அந்த இடுக்கில்தான் சஸ்பென்ஸ் முழுவதும் இருக்கிறது, அந்த மனிதனின் குணமும் அங்கேதான் தெரிகிறது. தேர்வில் 'விறுவிறுப்பை விளக்குக' என்று வந்தால், 'மிகவும் விறுவிறுப்பாக உள்ளது' என்று எழுதிவிட்டு வராதே. எந்த வரியில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று எழுது. திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: அம்மா, பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது தோன்றியது. கோவலன் ஏன் வாயே திறக்கவில்லை? எங்கள் பக்கம் என்றால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்காமல் விடுவோமா?
– துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராயபுரம்

நீங்கள் கேட்டிருப்பீர்கள் ஐயா, சந்தேகமில்லை. ஆனால் தன்மேல் ஒரு வழக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாதே! காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பொற்கொல்லன், 'மன்னர் ஏவிச் சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள்' என்றுதான் கோவலனிடம் சொல்கிறான். கோவலன் கண்ணில் அவர்கள் வாங்க வந்தவர்கள். வாங்க வந்தவரிடம் யாராவது நான் திருடன் இல்லை என்று ஆரம்பிப்பார்களா?

நீங்கள் சொல்லும் அந்த நாலு பேரும் அங்கே இருந்தார்கள். அந்தக் காவலர்கள்தான். ஆளைப் பார்த்ததும், இவன் கொலைப்படுகிற ஆள் இல்லை என்று சொல்லவும் செய்தார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துவிட்டு ஒரு வகுப்பே எடுக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணை எட்டு. திருட்டுச் சாத்திரத்தை நிஜத் திருடன் வாயாலேயே கேட்கிறோம் பாருங்கள், அங்கே எனக்கு எப்போதும் சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். பேச்சு வளர்கிறது, ஒரு இளைஞன் தான் ராத்திரியில் பார்த்த கள்வன் கதையை எடுத்துவிடுகிறான். இத்தனை பேச்சுக்கு நடுவில், இவன் பிழைத்துவிடுவானோ என்று நமக்கே ஒரு நப்பாசை வந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து ஒரு குடிகாரன் வாளை வீசுகிறான். 'கல்லாக் களிமகன்' என்பதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது, பேரும் கிடையாது.

கோவலனை யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் பேசாமல் இருந்ததை அவன் குணத்தில் தேட வேண்டாம், விசாரணை நடக்கவில்லை என்பதில் தேடுங்கள். கண்ணகி அரண்மனைக்குப் போய்க் கேட்டதும் இதைத்தான்.

கேள்வி: என் மகள் தேர்வில் 'கைகேயி பொறாமை பிடித்தவள், கெட்டவள்' என்று எழுதியதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வேறு என்ன எழுதணும்? கெட்டவள்தானே?
– ஒரு தாய், காசிமேடு

ரெண்டு மார்க்கே இரக்கப்பட்டுப் போட்டது என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. 'கெட்டவள்' என்பது தீர்ப்பு. கேள்வி கேட்டது நடத்தையை. ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது, அந்த நிமிஷத்தில் அவளுக்கு என்ன தெரியும், அவள் எதற்குப் பயந்தாள், எந்தச் சொல்லில் அசைந்தாள், இந்த மூன்றையும் பாட்டிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். கம்பர் அத்தனையையும் படிப்படியாக வைத்திருக்கிறார்.

கைகேயி தூங்கிக்கொண்டிருக்கிறாள். மந்தரை வந்து எழுப்புகிறாள். உனக்குத் துன்பம் வந்துவிட்டது என்கிறாள். கைகேயி சொல்லும் பதில் என்ன தெரியுமா? 'இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ?' பரதனைப் பெற்றவள் தன்னை இராமனைப் பெற்றவள் என்கிறாள்! இராமனுக்கு முடி சூட்டப்போகிறார்கள் என்றதும் சந்தோஷத்தில் மாலை ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். மந்தரை அந்தப் பொன் மாலையைத் தரையில் அடித்த அடியில் நிலம் குழிந்துபோனது என்கிறார் கம்பர். இப்போது நாடகம் சூடு பிடித்துவிட்டது.

மந்தரை முதலில் எடுத்த ஆயுதம் மகன். இராமனும் சீதையும் சிம்மாசனத்தில் இருக்க, உன் பிள்ளை வெறும் தரையில் உட்காருவான் என்கிறாள். எந்தத் தாயும் மசிகிற இடம்தானே? கைகேயி மசியவில்லை. 'எனக்கு நல்லையும் அல்லை நீ, என் மகன் பரதன் தனக்கு நல்லையும் அல்லை' என்று சீறுகிறாள். நாக்கை அறுக்காமல் விட்டேன், என் எதிரில் நிற்காதே போ என்கிறாள். பொறாமைக்காரி பேசுகிற பேச்சா இது? உங்கள் மகள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டாள். மூன்று மார்க் அங்கேதான் போயிற்று.

மந்தரை போகவில்லை. ஆயுதத்தை மாற்றுகிறாள். இல்லாதவர்கள் உன்னிடம் வந்து கை நீட்டினால், கோசலையிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பாயா, வெட்கப்பட்டு நிற்பாயா, இல்லை என்று அனுப்புவாயா? உன் அப்பாவும் கூடப் பிறந்தவனும் உன்னைத் தேடி வந்தால், மாற்றாளின் செல்வத்தையா பார்த்துவிட்டுப் போக வேண்டும்? உன் புருஷனுக்குப் பயந்துதான் சீதையின் அப்பன் உன் அப்பன்மேல் படையெடுக்காமல் இருக்கிறான். நாளை மருமகன் அரசனானால் உன் பிறந்த வீட்டு கதி என்ன?

பிள்ளையைச் சொன்னபோது அசையாதவள் இங்கே அசைந்துவிட்டாள். பிறந்த வீட்டார் முன்னால் தலை குனிவது எப்படி இருக்கும் என்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதற்குப் பிறகுதான் 'தூய சிந்தையும் திரிந்தது' என்று வருகிறது. திரிந்த பின்னும் அதைத் தூய சிந்தை என்றே சொல்கிறார் கம்பர். தேவர்களின் மாயையும் அவர்கள் பெற்ற வரமும் அந்தணர் தவமும் சேர்ந்து திருப்பின என்று அவளுக்காக வக்காலத்தும் வாங்குகிறார். அந்த வக்காலத்தை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் மகள் விருப்பம். மறுத்து எழுதினாலும் மார்க் உண்டு, பாட்டைக் காட்டி மறுத்தால்.

இடையில் ஒன்று. கம்பர் ராத்திரி உட்கார்ந்து இராமாயணம் எழுத, திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மன் தீப்பந்தம் பிடித்தாள் என்று நம் பக்கத்தில் கதை சொல்வார்கள். 'பிந்தாமல் பந்தம் பிடி' என்று முடியும் தனிப்பாடல் ஒன்றும் உண்டு. அதே அம்மனைக் கண்ணகி என்று கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வரலாறு என்று விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள், படித்தது மனசில் ஒட்டும்.

கேள்வி: பத்தாவது இங்கிலீஷில் ஒரு கதை படித்தோம். உறவுக்காரர் விட்டுப் போன இரும்புப் பெட்டிக்குள் மாணிக்கக் கற்கள், கூடவே வெடிமருந்து. திறந்தால் வெடிக்கலாம். கடைசி வரை திறக்காமலே கதை முடிந்துவிட்டது. ஏமாற்று வேலை இல்லையா?
– பிளஸ் ஒன் மாணவர், பெரம்பூர்

தமிழ் டீச்சரிடம் இங்கிலீஷ் பாடமா தம்பி? பரவாயில்லை. அதை எழுதிய வெயர் மிட்செல் ஓர் அமெரிக்க மருத்துவர். பெட்டியைத் திறந்திருந்தால் நீ அன்றைக்கே கதையை மறந்திருப்பாய். பத்தாவது முடித்து வந்தும் கோபம் குறையாமல் கடிதம் போட்டிருக்கிறாய் பார். பெட்டிக்குள் என்ன என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆக, பெட்டியை விடு, சாவியை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைக் கவனி. ஆசையும் பயமும் சரிசமமாக இருந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? ஒன்றும் செய்யமாட்டான். அதுவும் ஒரு நடத்தைதான். ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாக் கதாசிரியரும் இப்படியே அந்தரத்தில் விட்டால் நானும் உன்னோடு சேர்ந்து சண்டைக்கு வருவேன்.

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்குப் பேய்க் கதை எழுதினேன். கும்மிருட்டு, நாய் ஊளை, புளியமரம், வெள்ளைப் புடவை எல்லாம் இருக்கிறது. யாரும் பயப்படவில்லை. ஏன்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், எண்ணூர்

எல்லாம் இருக்கிறது, ஆள் இல்லை. யார் பயப்படுகிறார்? அவருக்கு என்ன வேண்டும்? அது இல்லாமல் எத்தனை நாயை ஊளையிட வைத்தும் பிரயோஜனமில்லை.

லண்டனில் கப்பல்துறைப் பக்கம் பிறந்தவர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ். நம் ஆள் மாதிரிதான். 1902இல் வெளிவந்த அவருடைய 'குரங்கின் பாதம்' கதையில் பேயை நாம் பார்ப்பதே இல்லை. மூன்று வரம் தரும் காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்று. இயந்திரத்தில் சிக்கிச் செத்த மகன் திரும்பி வர வேண்டும் என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அம்மா தாழ்ப்பாள் எட்டாமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அப்பா தரையில் தவழ்ந்து, இருட்டில் அந்தப் பாதத்தைத் தேடுகிறார், மூன்றாவது வரம் கேட்க. அவளுக்கு வெளியே நிற்பது மகன். அவருக்கு, எந்த நிலையில் புதைத்தோம் என்று தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், இரண்டு விதமான அறிவு. பயம் அங்கிருந்து வருகிறது.

உன் ஊரிலேயே எழுது. கடலுக்குப் போன விசைப்படகு திரும்பவில்லை. கரையில் பெண்டாட்டி நிற்கிறாள். படகில் என்ன ஆயிற்று என்று மாமனாருக்குச் செய்தி வந்துவிட்டது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அவரிடம், 'மாமா, அவருக்கு மீன் எடுத்து வைக்கவா?' என்று கேட்கிறாள். அவர் என்ன பதில் சொல்வார்? அதை எழுதி முடித்துவிட்டு எனக்கு அனுப்பு. புளியமரத்தை வெட்டிவிடு.

கேள்வி: இதற்கெல்லாம் நோட்ஸ் படித்தால் போதாதா?
– பெயர் எழுத விரும்பாத மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பேர் போடாமல் கேட்டதிலேயே பதில் உனக்குத் தெரியும் என்று தெரிகிறது. நோட்ஸ் படி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொல்லுக்குப் பொருள் பார்க்க உதவும். ஆனால் முதலில் பாட்டை வாய்விட்டுப் படி, ஓரத்தில் பென்சிலால் 'இவளுக்குத் தெரியும்', 'இவனுக்குத் தெரியாது' என்று குறித்துக்கொள். அப்புறம் நோட்ஸைத் திற. சிலப்பதிகாரத்தை உ.வே.சா. 1892இல் அச்சில் கொண்டுவர ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். உனக்கு அந்தச் சிரமமும் இல்லை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே இருக்கின்றன. அப்பாவின் செல்போனில் பத்து நிமிஷம் போதும், கேட்டு வாங்கிக்கொள்.